நோன்பு வைப்பதா, விடுவதா: ரமலானுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் நெருங்கும்போது நம் நாளிதழ்கள் ஸஹர் எனும் விடியலுக்கு முந்திய உணவு முடியும் நேரத்தையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் அட்டவணையாக வெளியிடுகின்றன. நோன்புக் கஞ்சியைப் பற்றிய கட்டுரைகளும் வருகின்றன. அவற்றோடு, சர்க்கரை நோய் உள்ள ஒரு முஸ்லிம் இந்த நோன்பை வைக்கலாமா, விட வேண்டுமா என்று முடிவெடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ரமலானுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. அந்த முடிவை எடுக்க வேண்டிய காலம் இதுதான். பிறை தெரிந்த இரவில், வீடே ஸஹருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும்போது, யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. போன ஆண்டு செய்ததையே இந்த ஆண்டும் செய்கிறோம்.

நான் தேனி மாவட்டம் கம்பத்தைச் சேர்ந்தவன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. ஒன்பது ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. என் அத்தாவுக்கும் (தந்தைக்கும்) இருந்தது. அவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

ரமலான் ஆடி மாதத்தில் வந்த ஓர் ஆண்டு அது. அத்தா காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்பது அவர்கள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒன்றிரண்டு செய்திகளில் ஒன்று. நோன்பு வைக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்கலாம் என்றும் சொல்லவில்லை. அத்தாவின் இபாதத்தில் (வணக்கத்தில்) குறுக்கே நிற்கும் மகனாக ஆகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். இருபத்தோராவது நோன்பன்று அஸர் எனும் பிற்பகல் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்தவர்கள் பேசவில்லை. சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ முனகினார்கள். பசிக் களைப்பு என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "இன்னும் முக்கால் மணி நேரம்தான் அத்தா, பொறுத்துக்கங்க" என்று சொன்னேன். அந்தச் சொற்களைச் சொன்னவன் படித்தவன், அறிவியல் பாடம் நடத்தியவன். பாங்கு சொல்வதற்கு முன்பே அவர்கள் நினைவிழந்தார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 34-ஆகத் தாழ்ந்திருந்தது.

அத்தா பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் கண் விழித்ததும், குளுக்கோஸ் ஏற்றிய கையைப் பார்த்து, "என் நோன்பு போச்சா?" என்று கேட்டு அழுதார்கள். உயிர் பிழைத்த மனிதர் அழுதது நோன்புக்காக. அவர்களுடைய ஈமானில் (இறைநம்பிக்கையில்) ஒரு குறையும் இருக்கவில்லை. அந்த ஈமானுக்குத் துணையாக இருக்க வேண்டிய அறிவை, அதைக் கையில் வைத்திருந்த நாங்கள் கொடுக்கவில்லை.

இந்தக் கேள்விக்கு மார்க்கம் ஒரு காலத்திலும் வாய்மூடி இருந்ததில்லை. நோன்பைக் கடமையாக்கும் வசனங்களும் நோயாளிக்குச் சலுகை அளிக்கும் வசனங்களும் திருக்குர்ஆனில் அடுத்தடுத்தே இருக்கின்றன. இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 183-ஆம் வசனம் நோன்பை விதிக்கிறது. 184-ஆம் வசனம் நோயாளியும் பயணியும் வேறு நாள்களில் அதை நோற்கலாம் என்கிறது, நோற்க இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரத்தையும் சொல்கிறது. 185-ஆம் வசனம், இறைவன் உங்களுக்கு எளிதானதையே விரும்புகிறான், கடினமானதை விரும்பவில்லை என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம் பயான்களில் (சமயச் சொற்பொழிவுகளில்) முதல் வசனம் உரத்த குரலில் ஓதப்படுகிறது. அடுத்த இரண்டு வசனங்களையும் அதே குரலில் ஓதிக் கேட்டவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு.

நபிகள் நாயகம் அவர்கள் மக்கா வெற்றிக்காக ரமலானில் புறப்பட்ட பயணத்தைப் பற்றி, நபிமொழித் தொகுப்புகளில் ஒன்றான ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி இருக்கிறது. நோன்பு மக்களுக்குக் கடினமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நபியவர்களிடம் சொல்லப்படுகிறது. அஸருக்குப் பிறகு அவர்கள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வரவழைத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிக் குடிக்கிறார்கள். அதற்குப் பின்னும் சிலர் நோன்பைத் தொடர்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அவர்கள் மாறு செய்பவர்கள் என்று சொல்கிறார்கள். தண்ணீரைக் கூடாரத்துக்குள் குடித்திருக்கலாம். சலுகையைப் பயன்படுத்துவது ஒளித்துச் செய்ய வேண்டிய காரியமாக யாருக்கும் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகவே, மாலை வரை பொறுத்திருந்த மனிதர் எல்லோர் கண்முன்னும் குடித்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஸஹீஹ் புகாரியில் வேறொரு செய்தி: நபித்தோழர்கள் நபியவர்களோடு பயணம் சென்றபோது நோன்பு வைத்தவர் வைக்காதவரைக் குறை கூறவில்லை, வைக்காதவர் வைத்தவரைக் குறை கூறவில்லை. நம் தெருக்களில் ரமலான் பகல்களில் கேட்கப்படும் கேள்விகளை நினைக்கும்போது இந்தச் செய்தி என்னை வருத்துகிறது.

மூன்றாவதாக, அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் நினைவில் வைக்க வேண்டும் என்பேன். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாகிறது. தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடன் இருப்பவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது உனக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துபோகிறார். செய்தி அறிந்த நபியவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டு, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்கிறார்கள். சட்டம் சொன்னவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் காட்டிய கண்டிப்பு பக்தியிலிருந்தே வந்திருக்கும். இருந்தும் அந்த மனிதருடைய உயிருக்கு அவர்கள் பொறுப்பாக்கப்பட்டார்கள். திண்ணையில் அத்தாவுக்கு விசிறிக்கொண்டிருந்த என்னை நான் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவே பார்க்கிறேன்.

மருத்துவம் சொல்வதும் தெளிவாகவே இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் விவரம் திரட்டியது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாள்கள் நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அவர்களுக்கு மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகமாக ஏற்பட்டது. முதல் வகையினருக்கு 4.7 மடங்கு. தமிழ்நாட்டில் இது சிறிய எண்ணிக்கையினருடைய கவலை என்று யாரும் எண்ணிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அந்த விகிதம் 14.4 விழுக்காடு என்றும் தெரியவந்தது.

ஆனால் சர்க்கரை இருப்பவர் எல்லோரும் நோன்பை விட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டிலோ, மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையிலோ சர்க்கரையை நல்ல நிலையில் வைத்திருக்கும் பலர், நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு, மேற்பார்வையோடு நோன்பு வைக்க முடிகிறது. ஒரு நாளில் பல முறை இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்தவர், தனியாக வாழும் முதியவர் ஆகியோருடைய நிலை வேறு. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு, நீரிழிவும் ரமலானும் குறித்துச் செயல்படும் ஒரு மருத்துவக் கூட்டணியோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்டு 2021-இல் திருத்திய வழிகாட்டி, இவற்றை எல்லாம் மதிப்பெண்ணாகக் கணக்கிட்டு, 3 வரை குறைந்த ஆபத்து, 6-க்கு மேல் அதிக ஆபத்து என்று வகுத்திருக்கிறது. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் அந்த வழிகாட்டிதான். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 2009-இல் ஷார்ஜாவில் கூடியபோது இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, சர்க்கரை நோயாளிகளை நான்கு பிரிவுகளாகப் பார்த்து, ஆபத்து மிகுந்த முதல் இரு பிரிவினர் நோன்பு வைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) மருத்துவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய முடிவு அது. நம் ஊர்களில் இந்த இரு தரப்பும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. மருத்துவர் "நோன்பெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அதைக் கேட்டவர் அவருக்கு மார்க்கம் தெரியாது என்று ஒதுக்கிவிடுகிறார்.

அத்தாவுக்கு அடுத்த ஆண்டு நேர்ந்தது வேறு. ரமலானுக்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்தோம். வைக்கக் கூடாது என்றார். அத்தா ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் அழைத்துப்போனேன். நோன்பைப் பற்றி ஒன்றுமே பேசாமல், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றுதான் ஹஜ்ரத் முதலில் கேட்டார். நான் சொல்லச் சொல்ல முழுவதையும் கேட்டார். பிறகு அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வைக்கச் சொன்னவனும் அவன்தான், விடச் சொன்னவனும் அவன்தான். உங்களுக்கு இப்ப எந்த உத்தரவு வந்திருக்குன்னு பாருங்க" என்றார். அத்தா நீண்ட நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு நோன்பு வைக்கவில்லை.

அது எளிதாக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே, பள்ளிவாசலில் ஒரு பெரியவர், "சுகர் யாருக்குத்தான் இல்ல?" என்று பலர் கேட்கச் சொன்னதில் அத்தா மனம் நொந்து, மாலை நேரத்தில் அங்கே போவதையே நிறுத்திவிட்டார்கள். ஹஜ்ரத் காரணத்தைத் தெரிந்துகொண்டு ஆள் அனுப்பி வரவழைத்து, நோன்பாளிகளுக்குக் கஞ்சி ஊற்றும் வேலையை அவர்களிடம் கொடுத்தார். வீட்டில், விட்ட நோன்புக்குப் பரிகாரமாக ஏழைக்குக் கொடுக்கும் ஃபித்யாவுக்கான அரிசியை ஒவ்வொரு மாலையும் அத்தாவே அளந்து வைப்பார்கள். நெல் விவசாயம் பார்த்த கை அது. ஹஜ்ரத் சொன்ன அளவை அளந்த பிறகு, ஒவ்வொரு நாளும் மேலே ஒரு கை அரிசி கூடுதலாகப் போடுவார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நோன்பு வைத்த அத்தாவை நான் பார்த்திருக்கிறேன். அந்த அரிசியை அளக்கும்போது அவர்கள் முகத்தில் இருந்த பணிவை, நோன்பு வைத்த ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த முடிவு என்னிடம் வந்திருக்கிறது. என் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருக்கிறது. கடந்த சில மாதங்களாக இன்சுலினும் போடுகிறேன். ஆபத்து மதிப்பெண் 6-ஐத் தாண்டிவிட்டது என்று மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ரமலானில், ஒரு பிற்பகலில், எனக்குச் சர்க்கரை 62 காட்டியது. அத்தாவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்திருந்தும் நான் நோன்பை முறிக்கவில்லை; என் மனைவியிடமும் சொல்லவில்லை. ஏன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இறைவனுக்காகத்தான் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் அன்று என் மனத்தில் ஓடியது, மாலையில் பள்ளிவாசல் வரிசையில் உட்காரும்போது என்ன சொல்வது என்பதே. நிய்யத்து என்று நாம் சொல்லும் உள்ளத்தின் நோக்கத்தைக் கொண்டே செயல்கள் மதிப்பிடப்படுகின்றன என்பது புகாரியின் முதல் ஹதீஸ். அந்தப் பிற்பகலில் என் நிய்யத்து எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. உடல் சோம்பலுக்கு நோயைச் சாக்காக வைக்கிறேனோ? அடுத்த ஆண்டு இன்னும் சிறிய காரணத்துக்கு இன்னொன்றை விட்டுவிடுவேனோ? இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அது இல்லாதவனுடைய முடிவில் எனக்கு நம்பிக்கை குறைவு. என்னைச் சோதித்துக்கொள்ள எனக்குக் கிடைத்த வழி ஒன்றுதான்: என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், நோன்பு வைத்தேனா விட்டேனா என்று கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில் இந்த ரமலானைக் கழிக்க நேர்ந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். நோன்பு மறைவான வணக்கம். பூட்டிய அறைக்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எவருக்கும் தெரியாது. குடிக்காமல் இருப்பது அடியானுக்கும் இறைவனுக்கும் இடையே மட்டும் நடப்பது. அப்படியானால், அதை விடுகிற முடிவும் அதே இடத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். அந்த ஊரில், அந்த வீட்டில், மருத்துவர் எழுதிக்கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வருத்தத்தோடு நோன்பை விட்டிருப்பேன். ஆகவே இங்கேயும் விடுகிறேன். எங்கள் ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டேன். ஃபித்யா கொடுக்கச் சொன்னார். பின்னாளில் நோற்கும் அளவுக்கு உடல் தேறினால், விட்டதை நோற்றுக் களா செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

இதில் எனக்கு நிம்மதி இருக்கிறது, மகிழ்ச்சி இல்லை. ஸஹருக்கு என் மனைவியோடு எழுந்திருப்பேன். பகலில் மற்றவர் முன் உண்ண மாட்டேன். "நோன்பா?" என்று கேட்பவரிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்களுடைய சர்க்கரையாவது வெளியே தெரிகிறது. முப்பது நாளும் ஸஹருக்குச் சமைத்து, மாலையில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் நோன்பு திறக்கும் பெண்ணிடம் இன்று சர்க்கரை எவ்வளவு என்று கேட்பவர் எத்தனை வீடுகளில் இருக்கிறார்? அவள் மாத்திரையின் நேரத்தை மாற்ற வேண்டும் என்பதே பல வீடுகளில் நினைவுக்கு வருவதில்லை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு அண்மையில்தான் வந்தது. என் மனைவியின் அளவை நான் கேட்கத் தொடங்கியதே இந்த ஆண்டுதான்.

பிற சமயத்து அன்பர்களும் இதைப் படிப்பார்கள். தவக்கால நோன்பைக் கத்தோலிக்கத் திருச்சபை 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே விதிக்கிறது, நோயாளிகளை விலக்குகிறது. இருந்தும் எழுபது வயதில் மறைவாக நோன்பிருக்கும் ஒரு தாயை நான் அறிவேன். பாதயாத்திரை போகும் சர்க்கரை நோயாளியின் காற்புண்ணையும் என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியரிடம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது. விடையை அவரவர் மரபிலிருந்துதான் தேட வேண்டும்.

எங்கள் ஜமாஅத்துகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. ரமலானுக்கு முந்திய மாதமான ஷஅபானில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், பயானுக்குப் பிறகு, சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரை ஹஜ்ரத்தின் பக்கத்தில் உட்காரவைத்து, பெண்களும் கேட்கும்படி அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலும் இன்சுலின் ஊசியாலும் நோன்பு முறியாது என்பதை மிம்பர் மேடையிலிருந்தே அறிவிக்கலாம்; சத்துக்காக ஏற்றப்படுபவை நீங்கலாகத் தோலிலும் தசையிலும் இரத்தக் குழாயிலும் போடப்படும் ஊசிகள் நோன்பை முறிப்பவையல்ல என்று மேலே சொன்ன ஃபிக்ஹ் அகாடமி 1997-லேயே கூறியிருக்கிறது. இது தெரியாமல் நோன்புப் பகலில் அளந்து பார்க்கவே அஞ்சுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கஞ்சி காய்ச்சும் இடத்தில் ஒரு குளுக்கோமீட்டர் இருக்கலாம். "சுகர் யாருக்குத்தான் இல்ல?" என்று இன்னொரு முதியவரிடம் யாரும் சொல்லாமல் இருக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கடிதத்தை ஷஅபான் முடிவதற்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும். அதற்கு இடமில்லையென்றால், ரமலானில் நாள்தோறும் வெளியிடும் ஸஹர், நோன்பு திறப்பு நேரங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ, நடுக்கமும் வேர்வையும் தடுமாற்றமும் வந்தாலோ, பாங்குக்கு எத்தனை நிமிடம் இருந்தாலும் நோன்பை உடனே முறித்துவிடுங்கள். அன்று எங்கள் திண்ணையில் அந்த நேர அட்டவணை மடித்து வைத்த நாளிதழில் இருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் முக்கால் மணி நேரம் என்று சொன்னேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர்,
கம்பம், தேனி மாவட்டம்.